மலை யாருக்குப் போயிற்று?

ஆடித் திங்கள் தோறும் கொல்லிமலையில் வல்வில் ஓரிக்கு அரசு விழா நடக்கிறது. நடக்கட்டும்! ஆனால், தோழர்களே, சங்க காலத்து அந்த வில்லாளியை வீழ்த்தியவன் யார்? அயலானா? இல்லை! திருக்கோவலூர் மலையமான் காரி. அவனும் தமிழன், ஓரியைப் போலவே கடையெழு வள்ளல்களில் ஒருவன்!

கொன்ற காரிக்கா மலை கிடைத்தது? சேரனுக்குப் போயிற்று என்கிறது அகநானூறு! காரியின் கோவலூரை அதியமான் அழித்தான். அதியமானின் தகடூரைப் பெருஞ்சேரல் இரும்பொறை அழித்தான். வள்ளல்கள் மூவர் வீழ்ந்தனர். வாழ்ந்தது வேந்தனின் கொடி!

இன்று வேந்தர் இல்லை. ஆனால் சாதியின் பேரால், வட்டாரத்தின் பேரால் நம்மை மோதவிட்டு ஆதாயம் தேடுவோர் இல்லையா? ஓரியின் சிலைக்கு மாலையிடும் கரங்கள், அண்டை ஊரான்மீது ஓங்குமுன் எண்ணிப் பார்க்கட்டும்: வென்றால், மலை யாருக்குப் போகும்?