பாதிக் கொச்சியும் ஒரு சிவப்பு விளக்கும்

2022 செப்டம்பர் 2 அன்று ஐ.என்.எஸ். விக்ராந்த் கடற்படையில் சேர்ந்தபோது பல பத்திரிகைகள் ஒரு விஷயத்தை விடாமல் எழுதின. அந்தக் கப்பலில் உண்டாகும் மின்சாரம் பாதிக் கொச்சிக்கு விளக்கேற்றப் போதுமாம்!

வெண்ணந்தூரில் இதைப் படிப்பவர் வாயைப் பிளக்கத்தான் செய்வார். கரண்ட் போனால் தறி நிற்கும், தறி நின்றால் கூலி நிற்கும் ஊர் அது. வெளிச்சம் இருந்தால்தான் ராத்திரி வேலை. விமானந்தாங்கிக் கப்பலில் கணக்கு தலைகீழ். எவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் வேலை நடக்கிறது என்பதில்தான் அதன் திறமை இருக்கிறது. அதை மெகாவாட்டில் அளந்து என்ன பயன்?

வெளிச்சம் எதிரிக்கு அடையாளம் காட்டிவிடும். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானிய எம்டன் கப்பல் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தபோது ஊர் விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. ('எம்டன்' என்ற பட்டப்பெயர் இன்னும் சாகவில்லை.) அதனால்தான் போர்க்காலத்தில் கதவு இடுக்கு வழியாகக்கூட வெளிச்சம் கசிய விடமாட்டார்கள். இரவில் கப்பல்களின் உள்ளே மங்கிய சிவப்பு விளக்கு போடுவது பழைய வழக்கம். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக அரை மணி நேரம்வரை ஆகும். வெள்ளை விளக்கை ஒரு தரம் பார்த்தால் அத்தனையும் போச்சு! சிவப்பு அவ்வளவாகக் கெடுக்காது.

262 மீட்டர் கப்பல், மேலிருந்து வரும் விமானிக்கு இரவில் சில விளக்குப் புள்ளிகள்தான். இறங்கு விளக்கில் சிவப்பு தெரிந்தால் ரொம்பத் தாழ வருகிறார் என்று அர்த்தம். விமானத்தின் கொக்கி, தளத்தின் குறுக்கே உள்ள 3 கம்பி வடங்களில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். தவறினால் மறுபடி எழும்பிச் சுற்றி வர வேண்டும். 2023 மார்ச்சில் காமோவ்-31 ஹெலிகாப்டரும், மே மாதம் மிக்-29கே விமானமும் முதன்முறையாக விக்ராந்தில் இரவில் இறங்கின. உள்நாட்டில் செய்த விளக்கு அமைப்பு மார்ச் சோதனையில் தேறியது. பாதிக் கொச்சிக் கதையைவிட இது பெரிய சேதி. பேச்சு என்னவோ விமானியோடு நின்றுவிட்டது.

தளத்தில் கைவிளக்கை அசைத்து விமானத்தை நகர்த்துகிறவரை யார் நினைக்கிறார்கள்? என்ஜின் இரைச்சலில் கத்தினால் கேட்காது, விளக்கின் அசைவுதான் பேச்சு. ஓரத்தில் கைப்பிடிச் சுவர் கிடையாது. கீழே, வேலை முடிந்தவர்கள் தலைக்கு மேல் விமானம் 'தடால்' என்று இறங்கும் சத்தத்தில் தூங்க வேண்டும். தறிப்பட்டறையில் நைட் ஷிப்ட் பார்த்தவர்களுக்கு அந்தத் தூக்கம் புரியும்.

டிசம்பர் 4 கடற்படை நாளில் கப்பல்களுக்கு சீரியல் பல்பு போட்டுக் காட்டுகிறார்கள். அழகுதான். ஒரு பத்து நிமிஷம் அதை அணைத்துவிட்டு, இருட்டில் ஒரு விமானத்தை எப்படி நகர்த்துகிறார்கள் என்று காட்டலாமே!