பிரஷ்ஷை எப்படி உலர்த்துகிறீர்கள்?

மேக்கப் பிரஷ் கழுவ பேட்டரியில் சுழலும் கருவிக்குப் பணம் போடுவதைவிட, உலர்த்தும் ஸ்டாண்டுக்குப் போடுங்கள் என்பேன். கழுவுவதில் பெரிய வித்தை இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் பேபி ஷாம்பூ, மேடுபள்ளமுள்ள ஒரு சிலிகான் மேட். மேட் இல்லாவிட்டால் உள்ளங்கையே போதும். பிரஷ் கெடுவது பெரும்பாலும் உலரும் நேரத்தில்தான். ஈரத்தோடு டம்ளரில் நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் உலோகப் பூணுக்குள் இறங்கும். முடியைப் பிடித்திருக்கும் பசை இளகும், மரக்கைப்பிடி ஊதும். அப்புறம் பூசப் பூச முடி உதிர்ந்து கன்னத்தில் ஒட்டும். தலைகீழாகத் தொங்கவிடும் ஸ்டாண்ட் இதைத் தடுக்கும். அது இல்லையா, மேசை விளிம்புக்கு வெளியே முடிப்பகுதி நீட்டியிருக்கும்படி படுக்க வையுங்கள். ஹேர் டிரையர் சூடு வேண்டாம், ஆட்டுமுடி பிரஷ்ஷுக்கு வேண்டவே வேண்டாம்.

7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை கழுவச் சொல்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம். அது ஒருவர் மட்டும் பயன்படுத்தும் பிரஷ்ஷுக்கு. முகூர்த்த நாளில் மணப்பெண், அக்கா, அத்தை என்று வரிசையாக உட்காரும் இடத்தில் நிலைமை வேறு. அடர்ந்த ஃபவுண்டேஷன் பிரஷ் உலர ஓர் இரவாவது ஆகும். நடுவில் கழுவிப் பயனில்லை. ஒவ்வொரு முகத்துக்கும் தனி செட் வைத்திருக்கிறாரா என்று அழகுக்கலைஞரிடம் முன்பணம் கொடுக்கும்போதே கேளுங்கள். நல்ல கலைஞர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.