அது போயிடும் சார்!

ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டு போகிற வழியில் ஒரு டீக்கடை. கிளாஸ் கழுவின தண்ணீர், டீத்தூள், பால் பாத்திரம் அலசினது எல்லாம் ஒரு வாளியில் சேர்ந்திருந்தது. மாஸ்டர் அதைத் தூக்கிக்கொண்டு போய், ரோட்டோர சிலாப்பில் இருந்த ஓட்டையில் கவிழ்த்தார்.

"இது எங்க போகுது மாஸ்டர்?"

"சாக்கடைக்கு சார்."

"சாக்கடை எங்க போகுது?"

கொஞ்சம் யோசித்தார். "அது போயிடும் சார்."

டீத்தூள் கொட்டியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த 'போயிடும்' மேல்தான் கோபம். பஞ்சாயத்து ஆபீஸ் முதல் கோட்டை வரை நம்முடைய கழிவுநீர்க் கொள்கையே அந்த ஒரு வார்த்தைதான்.

முதலில், அது சாக்கடை இல்லை. மழைநீர் வடிகால். பாதாளச் சாக்கடையில் விழுவது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது, அல்லது போகவேண்டும். மழைநீர் வடிகாலுக்கு நடுவில் எந்த வடிகட்டியும் கிடையாது. இந்த முனையில் ஊற்றுவது அந்த முனையில் இருக்கும் ஏரியில் அப்படியே விழும். கோடையில் ஊற்றினால் வடிகாலிலேயே கிடந்து, முதல் மழையில் மொத்தமாகப் போய்ச் சேரும். பைக் மெக்கானிக் கடையில் வடித்த பழைய ஆயிலும் அப்படித்தான். ஒரு தடவை ஆயில் மாற்றும்போது வடிகிற எண்ணெய், பத்து லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று கணக்குச் சொல்கிறது அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு. நம்ம கணக்கில் சுமார் 38 லட்சம் லிட்டர்!

சரி, இந்தப் பக்கத்துத் தண்ணீர் எங்கேதான் போகிறது? ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் நிரம்பினால் செம்பரம்பாக்கத்துக்கு. ஒரத்தூர், மணிமங்கலம் பக்கம் நிரம்பினால் அடையாற்றுக்கு. செம்பரம்பாக்கம் 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் ஏரி. சென்னை குடிக்கிற தண்ணீர். அடையாறு 2015 டிசம்பரில் என்ன செய்தது என்பதை சைதாப்பேட்டைக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆக, உங்கள் தெரு வடிகால் இந்த இரண்டில் எந்தப் பக்கம் சாய்கிறது? உங்களுக்குத் தெரியுமா? உங்கள் வார்டு உறுப்பினருக்குத் தெரியுமா?

வடிகால் கட்டி முடித்ததும் ஒரு கல் வைக்கிறார்களே, அதைப் படித்துப் பாருங்கள். திட்டத்தின் பெயர், மதிப்பீடு எத்தனை லட்சம், திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர் எல்லாம் இருக்கும். தண்ணீர் எங்கே போகிறது என்று மட்டும் இருக்காது. கட்டியவருக்கு முகவரி உண்டு, தண்ணீருக்குக் கிடையாது.

கனடாவில் 1991 முதல் ஒரு வேலை நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் தன்னார்வலர்களும் தெருத் தெருவாகப் போய், மழைநீர் வடிகால் வாயில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு மீன் வரைகிறார்கள். இதற்குள் போவது மீனிடம் போகிறது என்று அர்த்தம். செலவு ஒரு டப்பா பெயின்ட், ஒரு அட்டை அச்சு. அமெரிக்காவில் பல ஊர்களில் அந்தந்த ஓடையின் பெயரையே எழுதுகிறார்கள்.

நம்ம ஊரில் இதைச் சொன்னால் இரண்டு பேர் சிரிப்பார்கள். ஒருவர், "மீன் வரைஞ்சா திருந்திடுவானா?" என்பார். இன்னொருவர் விவரமானவர். "தொழிற்பேட்டையே திறந்துவிடுது, நீ டீக்கடைக்காரனுக்குப் பாடம் நடத்துறியா? சனிக்கிழமை டி-ஷர்ட் போட்டு போட்டோ எடுக்கிற கம்பெனி விளம்பரம் இது!" என்பார்.

இரண்டாமவர் சொல்வதில் பாதி நியாயம். தொழிற்சாலை வந்த வேகத்தில் இங்கே பல கிராமங்களுக்குப் பாதாளச் சாக்கடை வரவில்லை. ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். லைன் வீடு கட்டினோம், ஹாஸ்டல் கட்டினோம். கழிவுநீருக்கு வேறு வழியே தராமல், "வடிகாலில் விடாதே" என்று மீன் வரைந்து மட்டும் வைத்தால் அது கேலிதான். அதனால்தான் சொல்கிறேன், டீக்கடை வாசலோடு நிறுத்தக் கூடாது. ஏரியில் வந்து விழுகிற முனையிலும் எழுதவேண்டும்: எந்தத் தெரு, எந்த வடிகால், எங்கிருந்து வருகிறது என்று. மழையே பெய்யாத மே மாதத்தில் ஒரு மழைநீர் வடிகாலில் நுரையோடு தண்ணீர் ஓடினால், அது மழை இல்லை. முனையில் எண் இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டே மேலே நடந்து எந்தக் குழாய் என்று கண்டுபிடித்துவிடலாம். போட்டோ எடுக்க வருகிற கம்பெனிக்காரர்களும் வரட்டும். அவர்கள் காம்பவுண்டுக்கு வெளியே இருக்கிற வடிகாலிலிருந்து ஆரம்பிக்கட்டும்.

சட்டம் இல்லையா என்றால், பிரமாதமாக இருக்கிறது. 1974-ஆம் வருஷத்து தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம், நீரோடை என்பதற்கு விளக்கம் சொல்லும்போது, தற்சமயம் வறண்டு கிடக்கும் நீர்வழியையும் சேர்த்தே சொல்கிறது. அதில் நச்சுக் கழிவைத் தெரிந்தே விடக் கூடாது என்கிறது. 'இது வெறும் காய்ஞ்ச கால்வாய்தானே' என்ற சாக்கு 1974-லேயே செத்துப்போச்சு. நமக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

2022-ல் மத்தியத் தொல்லியல் துறை இதே வடக்குப்பட்டில் தோண்டியபோது கற்காலக் கருவிகளும் தங்க நகைகளும் கிடைத்தன. அத்தனை காலத்துக்கு முன்பே மனிதர்கள் குடியிருந்த மண் இது. தண்ணீர் இல்லாத இடத்தில் எவனும் கல்லைச் செதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டான்.

டீ குடித்து முடித்து, மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். சிலாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிக்குங்க சார், நான் வேணாங்கல. வாளியை இனிமே பின்னாடி தென்னை மரத்துக்கு ஊத்திடறேன்." அப்புறம் எதிரே இருந்த மூணு மாடிக் கட்டடத்தைக் காட்டினார். அதன் அடியிலிருந்து ஒரு பிவிசி குழாய் நேராக வடிகாலுக்குள் இறங்கியிருந்தது. "அங்க யாரு சார் எழுதுவா?"