யானைத்தீயும் ஒரு பிடி சோறும்

இலக்கியம் பேசும் இவ்விடத்தில் உணவுப் பழக்கத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் பசியைத் தமிழில் மணிமேகலை அளவுக்கு ஆழமாக எண்ணிப் பார்த்த காப்பியம் வேறில்லை. அது இருவகைப் பசியைக் காட்டுகிறது. உணவின்றி வாடுவோர் பசி ஒன்று. எவ்வளவு உண்டாலும் அடங்காத, காயசண்டிகையின் யானைத்தீ மற்றொன்று. முதலாவதைப் பற்றி நாம் வகுப்பறையில் நிறையப் பேசியிருக்கிறோம். இரண்டாவதையோ, நம் உடம்பிலேயே உணரும்வரை, வெறும் சாபக்கதையாகவே கடந்து வந்தோம்.

தந்தையார் மறைந்த ஆண்டில் அது தொடங்கியது. கல்லூரி விட்டுத் திரும்பும் வழியில் கால் கிலோ மக்ரூன். விடைத்தாள் திருத்தும் இரவுகளில் மிக்சர். மனம் கனத்த நாட்களில் பொரித்த பரோட்டா. பசித்து உண்ணவில்லை, உண்டபின் நிறைவும் இல்லை. காலிப் பொட்டலத்தைக் குப்பைக் கூடையின் அடியில் மறைத்து வைக்கும் வெட்கமே மிஞ்சியது. அந்த வெட்கத்தை மறக்க மறுபடியும் உண்டோம். துறையின் குழுப் படங்களில் பின்வரிசை தேடி நின்றோம்.

நீடித்த மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசால் பசியைத் தூண்டி, இனிப்பையும் கொழுப்பையும் நாடச் செய்யும் என்கிறது மருத்துவம். கட்டுப்பாடிழந்து பெருந்தீனி உண்ணும் நிலையை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013இல் தனி நோயாகவே வகைப்படுத்தியது. நம் வழக்கிலோ இதற்கு 'வாயைக் கட்டத் தெரியாதவன்' என்னும் ஏச்சு மட்டுமே உண்டு.

மாற்றம் தற்செயலாக வந்தது. எங்கள் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். மீன் விலை ஏறிவிடும். அவ்வாண்டு தடைக்காலத்தில் எங்கள் வீட்டில் கம்பங்கூழும் முருங்கைக்கீரையும் தட்டைப்பயறும் நுங்கும் அதிகமாயின. உடம்பு இலேசானது. தடைக்காலம் முடிந்தும் அவ்வழியே தொடர்ந்தோம். முதலில் மீனும் இறைச்சியும், பின்னர் முட்டையும் பாலும் விலகின. தை மாதத்தில் பனங்கிழங்கு வந்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. அதை அவசரமாக விழுங்க இயலாது. அவித்து, தோலுரித்து, நார் களைந்து, மென்றே தீரவேண்டும். பல ஆண்டுகளுக்குப் பிறகு, என்ன உண்கிறோம் என்பதை அறிந்து உண்டோம்.

இதுவரை சொன்னது வெற்றிக்கதை போலத் தோன்றலாம். ஆனால் இரண்டு இடங்களில் நாம் சறுக்கினோம்.

ஒன்று, செருக்கு. ஆகஸ்ட் 5, பனிமய மாதா திருவிழாவுக்கு மாணவர் ஒருவர் தம் வீட்டுக்கு அழைத்திருந்தார். கடல் தொழில் செய்யும் குடும்பம். மீன்குழம்பைத் தள்ளிவைத்ததோடு அமையாமல், கொல்லாமை குறித்து ஒரு சிற்றுரையும் ஆற்றினோம். அவருடைய தாயார் ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று, ரசம் வைத்துக் கொணர்ந்து சோற்றில் ஊற்றினார். வாசல்வரை வந்த மாணவர் மெல்லச் சொன்னார்: "எங்களுக்குக் கடல்தான் ஐயா தோட்டம்."

அச்சொல் பல நாள் உறுத்தியது. நம் மொழியில் 'சைவம்' என்பது சமயத்தையும் குறிக்கும், உணவையும் குறிக்கும்; சாதியின் உயர்வு தாழ்வையும் சொல்லாமல் சொல்லும். முத்துக்குளித்தும் சங்கு குளித்தும் மீன்பிடித்தும் வாழ்ந்த மக்களின் கரையில் நின்றுகொண்டு, நம் தட்டை அவர்கள் தட்டைவிடத் தூயது என்பது அறமாகாது. நம் உடம்பின்மீது கொண்ட வெறுப்பையே அன்று அயலார் உணவின்மீது திருப்பினோம் என்பதைப் பிறகுதான் உணர்ந்தோம்.

மற்றொன்று, மீண்டும் அதே இரவு. தந்தையாரின் நினைவுநாளன்று கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஒரு பொட்டலம் முழுவதையும் தனியே இருந்து தின்று தீர்த்தோம். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரிய பண்டம், நிலக்கடலையும் வெல்லமும்தான், பாலோ முட்டையோ இல்லை. தாவர உணவு விதியில் ஓர் எழுத்தும் பிசகவில்லை. யானைத்தீயோ அணையவில்லை.

அப்போதுதான் குறளின் அமைப்பு கண்ணில் பட்டது. வள்ளுவர் புலால் மறுத்தலை அறத்துப்பாலில், துறவறவியலின்கீழ், 26ஆம் அதிகாரமாக வைத்தார். செரித்தது அறிந்து அளவோடு உண்பதைப் பொருட்பாலில், மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தில் வைத்தார். முன்னது பிற உயிர்மேல் கொள்ளும் அருள். பின்னது தன் உடம்பின்மேல் கொள்ளும் கவனம். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்துவிடாது. ஆண்டுதோறும் இவ்விரு அதிகாரங்களையும் நடத்தியும் இந்த வேறுபாட்டை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

காயசண்டிகை செய்த பிழை சிறியது. முனிவர் ஒருவர் உண்ண வைத்திருந்த நாவற்கனியைக் காலால் சிதைத்தாள். தண்டனையோ பன்னிரண்டு ஆண்டுப் பசி. ஆதிரை இட்ட பிச்சையிலிருந்து மணிமேகலை வழங்கிய ஒரு பிடி உணவில் அது அடங்குகிறது. முதலில் உணவு, அதன்பின்னரே அவள் தன் கதையைச் சொல்கிறாள். அப்பகுதியைப் படிக்கும்போதெல்லாம் இப்போது நமக்கு, பேசாமல் ரசம் ஊற்றிய அந்தத் தாயாரின் கை நினைவுக்கு வருகிறது. அன்று நாம் ஒரு பிடிக்குமேல் கேட்கவில்லை.

தாவர உணவை இன்றும் விடவில்லை. விடும் எண்ணமும் இல்லை. பி12 உயிர்ச்சத்துக்கு மட்டும், மருத்துவர் சொன்னபடி, மாத்திரை உட்கொள்கிறோம். கை பொட்டலத்தை நாடும்போது, இது பசியா துயரமா என்று கேட்டுப் பார்க்கிறோம். துயரம் என்றால் தமையனாரைத் தொலைபேசியில் அழைத்துத் தந்தையாரைப் பற்றிப் பேசுகிறோம். சில நாட்களில் தோற்றும் போகிறோம். ஆனால் பொட்டலத்தை ஒளித்து வைப்பதில்லை. எடை சிறிதே குறைந்திருக்கிறது.

தாவர உணவுக்கு மாற விரும்பும் நண்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: உயிர்கள்மீது அன்பிருந்தால் மாறுங்கள், உங்கள் உடம்பைத் தண்டிப்பதற்காக மாறாதீர்கள். அவ்வுடம்பும் அருளுக்குரிய ஓர் உயிரே.