"வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?"

உங்க டீம் மீட்டிங் கடைசியா எப்படி முடிஞ்சதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. பேக் தோளில் ஏறியாச்சு, ஒருத்தர் கேன்டீனுக்குக் கிளம்பியாச்சு. அப்போதான் டீம் லீடர் கேட்பார்: "வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?" யாரும் பேச மாட்டோம். "ஓகே, அப்போ எல்லாருக்கும் சம்மதம்" என்று மினிட்ஸில் ஏறிவிடும்.

இந்தக் கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். போன செமஸ்டர் மினி புராஜெக்ட், தானியங்கி சொட்டுநீர்ப் பாசனம். மண்ணில் ரெண்டு கம்பி குத்துகிற அந்த மலிவான சென்சார், ஒரு ஆர்டுவினோ, ஒரு சின்ன பம்ப். ஐந்து பேர் டீம். அதில் ஒருவன் பாலிடெக்னிக் முடித்து லேட்டரல் என்ட்ரியில் வந்தவன், தமிழ் மீடியம், வீட்டில் விவசாயம். முதல் வாரமே சொன்னான்: "எங்க ஊரு கிணத்துத் தண்ணி உப்பு. கரன்ட் ஓடிக்கிட்டே இருந்தா இந்தக் கம்பி அரிச்சிடும்டா." நாங்க அப்போ ஸ்லைடுக்கு என்ன கலர் வைக்கலாம் என்ற பெரிய விவாதத்தில் இருந்தோம். மறுபடி வாட்ஸப் குரூப்பில் போட்டான். நான் ஒரு ஸ்டிக்கர் போட்டேன்.

மூணு வாரம் தொட்டியில் கிடந்த சென்சாரை ரிவ்யூ அன்று வெளியே எடுத்தால், ஒரு கம்பியில் பூச்சு போய்ப் பச்சை பிடித்திருந்தது. ஈர மண்ணைக் காய்ந்த மண் என்றது. பம்ப் நிற்கவே இல்லை. மேசை, ரெக்கார்டு, சாரின் செருப்பு எல்லாம் தண்ணீர். மின்பகுப்பு பிளஸ் டூ பாடம். எங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. சொன்னவன் குரல் சின்னதாக இருந்தது, அவ்வளவுதான்.

எங்களுக்குப் போனது மதிப்பெண். இதே கேள்வியும் இதே மௌனமும் ஏழு உயிர்களை வாங்கிய கதை ஒன்று இருக்கிறது.

1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் காலை சேலஞ்சர் விண்ணோடம் கிளம்ப வேண்டும். புளோரிடாவில் உறைய வைக்கிற குளிர். ராக்கெட் பூஸ்டரின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் ஓ-ரிங் குளிரில் இறுகிப்போகும், வெப்ப வாயு கசியும் என்று பூஸ்டரைத் தயாரித்த மோர்டன் தயாக்கல் நிறுவனத்தின் பொறியாளர்கள் பயந்தார்கள். அவர்களில் ரோஜர் பாய்ஜோலி, 1985 ஜூலையிலேயே இது பேரழிவில் முடியலாம் என்று தன் மேலதிகாரிகளுக்கு எழுதியிருந்தார். அன்றிரவு தொலைபேசிக் கூட்டத்தில், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏவக் கூடாது என்று நிறுவனமே முதலில் சொன்னது. நாசா தரப்பு எதிர்த்தது. நிறுவனம் லைனைத் துண்டித்துவிட்டுத் தனியாகப் பேசியது. பாய்ஜோலியும் இன்னொருவரும் படங்களைக் காட்டி வாதாடிப் பார்த்தார்கள். கடைசி முடிவை மேலாளர்கள் நான்கு பேர் மட்டும் எடுத்தார்கள். பொறியாளர்களிடம் ஓட்டே கேட்கவில்லை.

லைன் திரும்ப வந்தது, "ஏவலாம்" என்று சொன்னார்கள். அப்போது நாசா பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார், யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா என்று. லைனில் இருந்த யாரும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள், கிளம்பிய 73 விநாடியில் சேலஞ்சர் சிதறியது.

அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வீர்களா? அரை மணி நேரம் கத்திப் பார்த்து, தன் மேலாளரே முடிவெடுத்த பிறகு, வாடிக்கையாளர் காதுபட "எனக்கு உடன்பாடில்லை" என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? "பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாதே" என்று வளர்ந்த நம்மால்?

"தைரியமாப் பேசக் கத்துக்கோங்க" என்று சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்பில் சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். பேசாதவரைத் திருத்துவதை விட, பேச வழியில்லாமல் நடக்கும் கூட்டத்தைத் திருத்துவது சுலபம். டொயோட்டா தொழிற்சாலையில் அசெம்பிளி லைனை ஒட்டி ஒரு கயிறு இருக்கும். குறை கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். உடனே டீம் லீடர் அங்கே வருவார், சரியாகாவிட்டால் லைன் நிற்கும். அங்கே சின்னக் குரல், பெரிய குரல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சேலஞ்சர் விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் செய்த ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். (ஐஸ் தண்ணீரில் ரப்பரை முக்கிய கதை இல்லை, அது எல்லாருக்கும் தெரியும்.) விண்ணோட இன்ஜின் பொறியாளர்களையும் அவர்கள் மேலாளரையும் ஒன்றாக உட்கார வைத்தார். இன்ஜின் கோளாறால் ஒரு பயணம் தோற்க எவ்வளவு வாய்ப்பு என்று ஆளுக்கொரு காகிதத்தில் எழுதச் சொன்னார். பொறியாளர்கள் சில நூறில் ஒன்று என்கிற அளவில் எழுதினார்கள். மேலாளரின் கணக்கு ஒரு லட்சத்தில் ஒன்று. வாயால் கேட்டிருந்தால் மேலாளர் முதலில் பதில் சொல்லியிருப்பார், மற்றவர்கள் தலையாட்டியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தச் சீட்டு முறையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். மீட்டிங் ஆரம்பத்தில் ஐந்து நிமிஷம் யாரும் பேசக் கூடாது. "இது எங்க சொதப்பும்?" என்ற ஒரே கேள்விக்கு எல்லாரும் எழுத வேண்டும். தமிழ், தங்கிலீஷ், படம், எது வேண்டுமானாலும். லீடர் கடைசியில்தான் வாயைத் திறக்கணும்.

"எல்லார் சொல்றதையும் கேட்டா வேலை எப்போ முடியும்?" நியாயமான கேள்விதான். கேட்பதும் ஏற்பதும் ஒன்றில்லை. போன வாரம் என் யோசனையையே தூக்கிப் போட்டார்கள், காரணம் சொல்லி. வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் பதில் வந்தது. ஸ்டிக்கர் வரவில்லை.

முதல் தடவை சீட்டைப் பிரித்தபோது எதிர்பாராத ஒன்று வந்தது. டீமில் இருக்கும் ஒரே பெண் எழுதியிருந்தாள்: "எல்லா ரிவ்யூவுக்கும் பிபிடி நான்தான் பண்றேன். சர்க்யூட்டை இதுவரைக்கும் தொட்டதே இல்ல. கேள்வி கேட்டா நான் சொதப்புவேன்." மூணு செமஸ்டரா எங்க பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "உன் எழுத்து அழகா இருக்கு, நீயே பண்ணிடு" என்று சொன்னது வேறு யாரும் இல்லை, நாங்களேதான்.

இப்போ சால்டரிங் அவள் கையில். அளவு எடுக்கும் அந்த நொடிக்கு மட்டும் சென்சாருக்கு மின்சாரம் கொடுக்கும்படி அரிப்புப் பிரச்சினையை அவன் மாற்றிவிட்டான். பிபிடி என் தலையில். அடுத்த ரிவ்யூ வெள்ளிக்கிழமை, சீட்டு கிழிச்சு வெச்சாச்சு.