யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் பழைய மாணவரின் பொற்காலமும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் பற்றி அதன் பழைய மாணவரிடையே நிலவும் கருத்துக்களை ஒப்பிட்டு நோக்குவோர் விந்தையான ஓர் உண்மையைக் காண்பர். 1970களிற் பயின்றோர், அதன் வீழ்ச்சி 1980களில் தொடங்கியது என்பர். 1980களிற் பயின்றோர், இடப்பெயர்வின் பின்னரே சரிவு ஏற்பட்டது என்பர். 1990களின் நெருக்கடியிற் பட்டம் பெற்றோர், போர் முடிந்த பின்னரே தரம் குன்றியது என்பர். ஒவ்வொரு தலைமுறையின் பொற்காலமும் அதனதன் பட்டமளிப்பு விழாவோடு முடிந்து விடுகின்றது. கொழும்பில் நிகழும் ஒன்றுகூடல்களிலும், இலண்டன், ரொறன்ரோ நகரங்களில் நடைபெறும் இராப்போசன விருந்துகளிலும் “அந்தக் காலம் போய்விட்டது” என்ற வாக்கியம் ஆண்டு தவறாது ஒலிக்கின்றது.

இது வரலாறு அன்று, ஐதிகம். தீங்கற்ற ஐதிகமாயின் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திய மாணவர் ஒருவர் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தம் விருப்பு வரிசையை எழுதும்போது, அருகிலிருந்து ஆலோசனை கூறுபவர் பெரும்பாலும் ஒரு பழைய மாணவரே. பெற்றோராகவும் ஆசிரியராகவும் அதிபராகவும் இருக்கும் அவர்களின் சொல்லே பல்கலைக்கழகத்தின் பெயராகின்றது. ஆதலின் அச்சொல் பரிசீலனைக்குரியது.

முதலில், பொற்காலம் எனப்படும் தொடக்கக் காலத்தை நோக்கலாம். 1974 ஒக்டோபர் 6ஆந் திகதி, சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் கட்டடங்களில், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறந்து வைக்கப்பட்டது. அன்று அதற்குப் பெயரும் இல்லை, புகழும் இல்லை. தமிழ்ப் பல்கலைக்கழகம் திருகோணமலையிலேயே அமைதல் வேண்டும் என வாதிட்டோர் அதனை ஐயத்தோடு நோக்கினர். தரப்படுத்தலாற் காயமுற்றிருந்த சமூகத்துக்கு அது ஒரு சமாதானப் பரிசாகவே தோன்றிற்று. பேராதனையின் மலைச் சாரலிற் பயின்றோருக்கு அது இரவற் கட்டடத்தில் இயங்கிய சிறு வளாகம். விஞ்ஞான வகுப்புக்கள் வட்டுக்கோட்டையில் நடைபெற்றன. அக்காலத்தையே பின்வந்தோர் பொன்னாக்கினர். பொன் முலாம் பின்னர் பூசப்பட்டது என்பதே இதன் பொருள்.

ஆயினும் முலாமுக்கு அடியில் உண்மையான உலோகமும் இருந்தது. வளாகத்தின் முதற் தலைவர் க. கைலாசபதி; பல்கலைக்கழகத்தின் முதற் துணைவேந்தர் சு. வித்தியானந்தன். 1979 சனவரியில் தனிப் பல்கலைக்கழகமாகிய சிறிது காலத்துள், ஆனைக்கோட்டை அகழாய்வு யாழ்ப்பாணத்தின் தொன்மை பற்றிய விவாதத்தையே மாற்றியது. சிங்கள மாணவரும் தொடக்க ஆண்டுகளில் அங்கு பயின்றனர். 1977ஆம் ஆண்டு வன்செயல்களின் பின்னரே அவர்கள் நீங்கினர். கற்றோரின் உழைப்பும் திறந்த சூழலுமே அன்றைய பெருமைக்கு ஆதாரம். இவற்றை நினைவுகூர்வோர் மிகச் சிலர். பெரும்பாலோர் நினைவுகூர்வது விடுதியையும் தேநீர்க் கடையையுந்தான்.

இரண்டாவது தலைமுறையின் பெருமை வேறு வகையானது. 1987 ஒக்டோபரில் இந்தியப் படை வளாகத்தினுள் இறங்கியது. 1989 செப்தெம்பர் 21இல் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம சுட்டுக் கொல்லப்பட்டார். களிமண்ணின் இயல்பு பற்றிய ஆய்வுக்காகக் கேம்பிரிட்ஜிற் பெயர் பெற்ற அ. துரைராசா, 1988 முதல் 1994 வரை, மின்சாரமும் எரிபொருளும் அற்ற யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழகத்தை நடத்தினார். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது பல்கலைக்கழகமும் இடம்பெயர்ந்தது. மறு ஆண்டில் மீண்டது. அக்காலத்தார் “நாங்கள் தாங்கினோம்” எனக் கூறுவதற்கு முழு உரிமையும் உடையர்.

ஆனால் தாங்குதல் ஒரு பண்பு. புலமை மற்றொரு பண்பு. முன்னையதைப் புகழ்ந்து பின்னையதன் வறுமையை மறைத்தல் தகாது. போர்க்காலத்தில் விரிவுரையாளர் பலர் வெளியேறினர், பட்டதாரிகளும் வெளியேறினர். உயிர் காக்கச் சென்றோரைக் குறை கூற எவருக்கும் உரிமை இல்லை. எனினும், ஒரு நிறுவனத்தின் ஆளணி குன்றியமைக்குத் தம் புலம்பெயர்வும் ஒரு காரணமாயிருக்க, கரையில் நின்று வெள்ளம் பார்ப்பவர் போல “தரம் போய்விட்டது” எனத் தீர்ப்பளித்தல் நேர்மையாகாது. இலவசக் கல்வியின் செலவை ஏற்றோர் இந்நாட்டின் வரி செலுத்துவோர். அவர்களுள் தோட்டத் தொழிலாளியும் உளர். வன்னி விவசாயியும் உளர். பட்டத்தோடு அக்கடன் தீர்ந்துவிடவில்லை.

அடுத்து, இன்றைய மாணவர் மீதான குற்றச்சாட்டு. பகிடிவதையாற் பல்கலைக்கழகத்தின் பெயர் கெட்டது என்கின்றனர். பகிடிவதை கொடுமையே, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கியுள்ளது. ஆனால் அதே விருந்து மேசையில், தம் காலத்துப் பகிடிவதையை “இனிய நினைவு” எனச் சிரித்துச் சொல்வோரும் இவர்களே. தாம் செய்தால் விளையாட்டு, பின்வந்தோர் செய்தால் வீழ்ச்சி என்பது எந்த அளவையியல்?

இதனால் இன்றைய பல்கலைக்கழகம் குறையற்றது என்பது வாதமன்று. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தில் வீதியோரம் நாட்கணக்கில் அமர்ந்திருந்தமை கலைப்பீடப் பாடத்திட்டங்களின் மீதும், அரசின் திட்டமின்மை மீதும் எழுந்த கேள்வியாகும். மறுபுறம், கிளிநொச்சி அறிவியல் நகரிற் பொறியியற் பீடம் எழுந்துள்ளது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வளர்ச்சியும் தளர்ச்சியும் ஒருங்கே நிகழும் இந்நிலையை “அந்தக் காலம்”, “இந்தக் காலம்” என்னும் இரு சொற்களால் அளக்க முடியாது.

அளவுகோல் வேறு. பட்டம் பெற்றுச் சென்ற பின் தம் துறையிலிருந்து வெளிவந்த ஆய்வேடு ஒன்றையேனும் பழைய மாணவர் படித்ததுண்டா? நூலகத்துக்கு ஒரு நூல் அனுப்பியதுண்டா? விடுமுறையில் ஊர் வருவோருள் எத்தனை பேர் நல்லூர்த் திருவிழாவுக்கு ஒதுக்கும் நாட்களுள் ஒன்றைத் திருநெல்வேலி வளாகத்தின் வகுப்பறைக்கு ஒதுக்கினர்? மாணவரும் முன்னோரின் பெயர்களை மேடையில் முழங்குவதோடு அமையாது, அவர்தம் நூல்களைத் திறந்து மறுத்தோ ஏற்றோ எழுத வேண்டும்.

பழைய மாணவர் விருப்பு வரிசை எழுதும் பிள்ளையிடம் தம் இளமையைப் பற்றிக் கூறுவதை நிறுத்திவிட்டு, அப்பிள்ளை பயில விரும்பும் துறையில் இன்று யார் கற்பிக்கின்றனர், எவற்றை ஆய்கின்றனர் என்று கேட்டறிந்து கூறட்டும். குறை காணின் அதனைப் பேரவைக்கும் துறைத் தலைவருக்கும் எழுதட்டும். விருந்து மேசையில் மட்டும் பேசப்படும் குறை எவராலும் திருத்தப்படுவதில்லை.