சதுப்பை ஊராக்கியவர்கள்

தாராவி என்றதும் நம்மில் பலருக்குச் சினிமாவே நினைவுக்கு வருகிறது. 1987-இல் வெளிவந்த ‘நாயகன்’ படமும் 2018-இல் வந்த ‘காலா’வும் அப்பெயரைத் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டு சேர்த்தன. ஆயினும், இன்று மும்பை என வழங்கும் பம்பாய் நகரில் இத்தமிழர் பேட்டை உண்டானது எங்ஙனம் என்பதை அறிந்தோர் சிலரே.

தாராவி ஆதியில் மாஹிம் கழிமுகத்தை அடுத்திருந்த கோலிச் செம்படவர்களின் கிராமம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து முஸ்லிம்களும் ஆதி திராவிடர்களும் அங்கே சென்று தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டார்கள். துர்நாற்றமுள்ள தொழிலாகையால் அது நகரத்துக்குப் புறம்பே, சதுப்பு நிலத்தில் ஒதுக்கப்பட்டது. வந்தவர்கள் குப்பையும் மண்ணும் கொட்டிச் சேற்றை மேடாக்கிக் குடிசை போட்டார்கள். 1913-இல் பிள்ளையார் கோயிலும் எழுப்பினார்கள். 1966-இல் சிவசேனை தோன்றித் தென்னிந்தியருக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தபோதும் அப்பேட்டை கலைந்துவிடவில்லை.

நியூயார்க் நகரின் மல்பெரி வீதியில் குடியேறிய இத்தாலியரின் சரித்திரமும் ஏறக்குறைய இத்தகையதே. தென் இத்தாலியின் வறுமை தாளாமல் கப்பலேறி வந்தவர்களை அந்நகரத்தார் இகழ்ந்தார்கள். ‘மல்பெரி வளைவு’ என்னும் நெருக்கமான குடியிருப்பை இடித்து, 1897-இல் அவ்விடத்தில் பூங்கா ஒன்றைத் திறந்தார்கள். காற்றும் வெளிச்சமும் வந்தது மெய்யே. ஆனால், வீடிழந்தவர்கள் பூங்காவில் குடியிருக்க இயலுமோ?

அதே கேள்வி இன்று தாராவியில் எழுந்துள்ளது. நகரம் வடக்கே வளர்ந்தது. எல்லையாக இருந்த இடம் நடுவாயிற்று. சேற்று நிலம் பொன் விலை பெற்றது. புனர்நிர்மாணத் திட்டத்தின்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசிப்பவர்களுக்குத்தான் தாராவியிலேயே இலவச வீடு. பிந்தி வந்தோருக்கும் மாடியில் குடியிருப்போருக்கும் வேறிடமே கதி. நிலத்தை உண்டாக்கிய உழைப்புக்கு மதிப்பிடும்போது, தேதி ஒன்றே அளவுகோலாகுமா என்பதை ஆள்வோர் யோசிக்க வேண்டும்.

இது பம்பாய்க்காரர் பாடு என்று நாம் வாளாவிருத்தல் தகாது. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பேறி மலைக்குச் சென்று ஏலக்காய் பறிக்கும் நம் பெண்டிரும் அயலார் மண்ணை வளமாக்குகிறவர்களே. நம் ஊர்களுக்கு வேலை தேடி வரும் வடநாட்டுத் தொழிலாளரும் அத்தகையோரே. அவர்களுக்கு வாடகைக்கு இடம் கொடுக்கும்போதும், கூலி பேசும்போதும், அவர்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளும்போதும், தாராவியில் நம்மவர் எத்தகைய மரியாதையை வேண்டி நின்றார்களோ அதனை நாம் அளிக்கிறோமா என்று ஒவ்வொரு குடும்பத்தாரும் சிந்திப்பார்களாக.